ஜூஜுவாடிக்கு மேலே ஒரு கோடு: ஹாட்ஸ்பாட்டின் கதை

இன்னைக்கு எபிசோட்ல நாம போகப்போற ஊர் ஜூஜுவாடி. ஓசூர்ல இருந்து பெங்களூரு போற நெடுஞ்சாலையில தமிழ்நாட்டோட எல்லை ஊர் இது. ஒரு பக்கம் சிப்காட் தொழிற்பேட்டை. சோதனைச்சாவடியைத் தாண்டினா கர்நாடகாவோட அத்திப்பள்ளி. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் ஒரே டீக்கடையில கேட்கும். காலையில இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் வேலைக்குப் போறவங்க, அந்தப் பக்கம் இருந்து இங்க ஷிப்ட்டுக்கு வர்றவங்க ரெண்டு பேரும் உண்டு.

இந்த ஊர்ல ரெண்டு எல்லைக்கோடு இருந்தது. ஒண்ணு தரையில. லாரிகள் வரிசைகட்டி நிற்கும் கோடு, எல்லாருக்கும் தெரியும். இன்னொண்ணு தலைக்கு மேல, காத்துல. அதை நம்ம போன் மட்டும்தான் பார்க்கும். எல்லைகிட்ட பஸ் வந்ததும் ஒரு எஸ்எம்எஸ் வரும், கர்நாடகாவுக்கு வரவேற்கிறோம்னு. நான் இன்னும் தமிழ்நாட்டுக்குள்ளதான் இருப்பேன், என் போன் மட்டும் முன்னாடியே எல்லை தாண்டியிருக்கும்.

அந்த ரெண்டாவது கோட்டை வச்சு ஹாட்ஸ்பாட்டோட வரலாற்றைச் சொல்லப்போறேன். "மச்சி, கொஞ்சம் ஹாட்ஸ்பாட் ஆன் பண்ணு"ன்னு நாம சாதாரணமா கேட்கிறோம் இல்லையா, அந்தக் கேள்விக்குப் பின்னாடி ஒரு பெரிய வழக்கு இருக்கு. நான் காசு கொடுத்து வாங்கின இணைப்பை இன்னொருத்தரோட பகிர எனக்கு உரிமை இருக்கா?

பி.பி. நம்பர் காலம்

பகிர்தல் நமக்குப் புதுசு இல்ல. வீட்டுக்கு ஒரு போன் இணைப்பு வாங்க வருஷக்கணக்கில் காத்திருந்த காலத்தில், தெருவுக்கு ஒரு வீட்டில்தான் போன் இருக்கும். அந்த நம்பரை மத்தவங்களும் தங்கள் விசிட்டிங் கார்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் போட்டுக்குவாங்க. பக்கத்தில் 'பி.பி.' என்று இரண்டு எழுத்து. அதாவது இது என் போன் இல்லை, பக்கத்து வீட்டு போன், கூப்பிட்டால் வந்து பேசுவேன். போன் வச்சிருந்தவர் வாசலில் நின்று "உங்களுக்கு போன்"னு குரல் கொடுப்பார். இன்னைக்கு பாஷையில சொன்னா, அந்த வீடுதான் தெருவோட ஹாட்ஸ்பாட்.

1984ல் சி-டாட் நிறுவனம் தொடங்கப்பட்டு, உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகள் வந்தன. அதுக்கப்புறம் ஊரெல்லாம் எஸ்டிடி, பிசிஓ பூத்துகள். ஒரு இணைப்பு, நூறு பேர் பேசுவாங்க, மீட்டர் ஓடும், காசு கொடுத்துட்டுப் போவாங்க. ஒரு கம்பியைப் பலர் பகிர்ந்துகொள்வதுதான் இந்தியாவைப் பேச வைத்தது என்று சொன்னால் மிகையில்லை.

போனுக்குள்ளே ஒரு சோதனைச்சாவடி

சரி, டெக்னிக்கலா ஹாட்ஸ்பாட்டில் என்னதான் நடக்குது? உங்க போனுக்கு நெட்வொர்க் பக்கம் ஒரே ஒரு முகவரிதான். உங்களோட சேரும் லேப்டாப்பையும் நண்பரோட போனையும் அது தனக்குள்ளேயே ஒரு குட்டி நெட்வொர்க்காக வச்சுக்கும். பழைய ஆண்ட்ராய்டு போன்களில் 192.168.43 என்று தொடங்கும் முகவரிகளைப் பார்த்திருப்பீங்க. அது அந்தக் குட்டி நெட்வொர்க்கோட கதவு எண். உள்ளே இருக்கும் எல்லாருக்கும் வெளியுலகத்தில் போன்தான் பேசும். பதில் வந்ததும் யாருக்கு எது என்று பிரித்துக் கொடுக்கும். பி.பி. வீட்டுக்காரர் செய்த அதே வேலை.

இதுக்குப் பேர் நாட். 1994ல் இது எழுத்துவடிவில் முன்வைக்கப்பட்டது. காரணம் ரொம்ப எளிமை. அன்றைய இணைய முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். அவை தீர்ந்துவிடும் என்ற பயத்தில், ஒரு முகவரிக்குப் பின்னால் பலரை உட்கார வைக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள்.

இந்த வேலையை போன் செய்யத் தொடங்கியபோதுதான் சண்டை வந்தது. சிம்பியன் நோக்கியா போன்களில் ஜோய்கூஸ்பாட் என்ற ஆப் 2008 வாக்கிலேயே இதைச் செய்தது. அதே 2008ல் ஐபோனுக்கு நெட்ஷேர் என்று ஒரு ஆப் வந்தது. சில நாட்களிலேயே ஆப்பிள் அதைக் கடையிலிருந்து எடுத்துவிட்டது. 2010 மே மாதம் கூகுள் அறிவித்த ஆண்ட்ராய்டு 2.2ல் வைஃபை ஹாட்ஸ்பாட் போனோடவே சேர்ந்து வந்தது. 2011 மார்ச்சில் ஐஓஎஸ் 4.3 வழியா ஐபோன் 4க்கும் வந்தது.

போன்ல வசதி வந்தாச்சு. ஆனா கம்பெனி விடணுமே! 2010 ஜூன் மாதம் அமெரிக்காவின் ஏடி அண்ட் டி, இணைப்பைப் பகிர மாசம் 20 டாலர் கூடுதலாகக் கேட்டது. அந்த 20 டாலருக்குக் கூடுதலாக ஒரு எம்பி டேட்டாகூட கிடையாது. நீங்க ஏற்கெனவே வாங்கின டேட்டாவை லேப்டாப்பில் பயன்படுத்த மட்டும் அந்தக் காசு. கடையில் அரிசி வாங்கிட்டு, விருந்தாளிக்குச் சோறு போட்டா தனிக் கட்டணம்னு சொன்ன மாதிரி.

நீங்க பகிர்றது கம்பெனிக்கு எப்படித் தெரியும்? இணையத்தில் போகும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் டிடிஎல் என்று ஒரு எண் உண்டு. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் அதில் ஒன்று குறையும். சோதனைச்சாவடியில் முத்திரை குத்துவது போல. போனிலிருந்தே கிளம்பும் பாக்கெட் வழக்கமாக 64 என்று தொடங்கும். இன்னொரு போனிலிருந்து உங்க ஹாட்ஸ்பாட் வழியா வந்த பாக்கெட் 63 ஆகியிருக்கும். அந்த ஒரு எண் குறைந்தால் போதும், வழியில் இன்னொரு சாவடி இருந்தது என்று கம்பெனிக்குப் புரிந்துவிடும்.

இந்தச் சண்டை கடைசியில் அரசு வரைக்கும் போனது. ஹாட்ஸ்பாட் ஆப்களை மறைக்கும்படி கூகுளிடம் கேட்ட விவகாரத்தில் வெரைசான் நிறுவனம் 2012 ஜூலையில் 12.5 லட்சம் டாலர் கட்டி, அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையமான எஃப்சிசியுடன் சமரசம் செய்தது. வெரைசான் ஏலத்தில் எடுத்த அலைவரிசையோட நிபந்தனையே, வாடிக்கையாளர் விரும்பும் ஆப்பைத் தடுக்கக்கூடாது என்பதுதான்.

வட்டங்களின் நாடு

நம்ம நாட்டில் பிரச்சினை வேற ரூபத்தில் வந்தது. இங்க கோடு போட்டது வட்டங்கள். தாலுகா வட்டம் இல்ல, தொலைத்தொடர்பு வட்டம். ஏறத்தாழ மாநில எல்லைகளை ஒட்டி நாட்டைப் பிரித்து, ஒவ்வொரு வட்டத்துக்கும் தனி உரிமம். ஒரே பிஎஸ்என்எல்தான், ஆனால் தமிழ்நாட்டில் அதன் நெட்வொர்க் எண் 404-80, கர்நாடகாவில் 404-71. போனைப் பொறுத்தவரை அது இன்னொருத்தர் வீடு.

2003 மே மாதம் உள்வரும் அழைப்புகள் இலவசமாயின. ஆனா ரோமிங்கில் காசு பிடிப்பது தொடர்ந்தது. ஜூஜுவாடி மாதிரி ஊரில் டவர் எந்தப் பக்கம் பலமா இருக்கோ அந்தப் பக்கம் போன் சாயும். ரேடியோ அலைக்கு மாநிலங்களைத் தெரியாது, பில்லுக்குத் தெரியும்.

2010ல் 3ஜி ஏலம் நடந்தபோது 22 வட்டங்களும் தனித்தனியாக விற்கப்பட்டன. முடிவு வேடிக்கையானது. தனியார்களில் ஏர்டெல்லும் ஏர்செல்லும் தமிழ்நாடு, கர்நாடகா இரண்டிலும் 3ஜி அலைவரிசை வாங்கின. வோடபோன் தமிழ்நாட்டில் வாங்கியது, கர்நாடகாவில் வாங்கவில்லை. டாடா கர்நாடகாவில் வாங்கியது, தமிழ்நாட்டில் வாங்கவில்லை. ஒரே ரோட்டில் சில நூறு மீட்டர் வித்தியாசத்தில், எந்தக் கம்பெனிக்கு வேகமான இணையம் தர உரிமை என்பதே மாறியது.

அப்போ கம்பெனிகள் என்ன செஞ்சாங்க தெரியுமா? பகிர்ந்துகிட்டாங்க! ஏர்டெல், வோடபோன், ஐடியா மூன்றும், ஒருவர் அலைவரிசை இல்லாத வட்டத்தில் இன்னொருவருடையதைப் பயன்படுத்த ஒப்பந்தம் போட்டன. 2011 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை அதை நிறுத்தச் சொன்னது. வழக்கு நடந்து, 2014 ஏப்ரல் 29 அன்று தொலைத்தொடர்புத் தீர்ப்பாயம் கம்பெனிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. எனக்கு இந்த இடம் ரொம்ப முக்கியமாப் படுது. பகிர்ந்தால்தான் கட்டுப்படியாகும் என்று ஒரு ஷிப்ட் தொழிலாளி சொன்னாலும் ஒரு பெரிய நிறுவனம் சொன்னாலும் கணக்கு ஒண்ணுதான்.

அந்தக் காலத்தில் எல்லையோரம் ஹாட்ஸ்பாட் போடுவது எவ்வளவு ஆபத்து? பல டேட்டா பேக்குகள் சொந்த வட்டத்துக்குள் மட்டும் செல்லும். பேக் இல்லாவிட்டால் பரவலாக இருந்த கட்டணம் 10 கேபிக்கு 10 பைசா. கேட்க சில்லறைக் காசு மாதிரி இருக்கும். கணக்குப் போட்டால் 1 ஜிபிக்கு 10,000 ரூபாய்க்கு மேல். அதோட ஹாட்ஸ்பாட்டில் சேரும் லேப்டாப்புக்கு அது வெறும் வைஃபை. பின்னாடி மீட்டர் ஓடுவது அதுக்குத் தெரியாது, அப்டேட்டை இறக்க ஆரம்பிச்சுடும். 2012ல் வந்த விண்டோஸ் 8ல்தான், இது மீட்டர் ஓடும் இணைப்பு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் வசதி வந்தது.

இரண்டு கோடுகளும் அழிந்த ஆண்டு

ரோமிங் கோடு ஒரே நாளில் அழியல. 2012 தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை, நாடு முழுக்க இலவச ரோமிங் என்று இலக்கு வைத்தது. ரோமிங்கில் உள்வரும் அழைப்புக்கு நிமிடத்துக்கு 75 பைசா என்று இருந்த உச்சவரம்பை 2015 மே 1 முதல் டிராய் 45 பைசாவாகக் குறைத்தது. அதே ஆண்டு ஜூனில் பிஎஸ்என்எல் ரோமிங்கில் உள்வரும் அழைப்பை இலவசமாக்கியது. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ, ரோமிங் கட்டணமே இல்லாமல் வந்தது. மத்தவங்களுக்கு வேற வழியில்ல. 2017 ஏப்ரல் 1 முதல் உள்நாட்டு ரோமிங் கட்டணத்தை, டேட்டா உட்பட, ஏர்டெல் நீக்கியது.

சரியாக மூன்று மாதம் கழித்து, 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. மாநில எல்லைகளில் இருந்த வணிகவரிச் சோதனைச்சாவடிகள் மூடப்பட்டன. லாரிக்கான கோடும் போனுக்கான கோடும் ஒரே ஆண்டில் மங்கின. ஆர்டிஓ சாவடி இருக்கு, மாநில எல்லை இருக்கு. ஆனா போன் இப்போ அதைக் கவனிக்கிறதே இல்ல.

அப்போ எல்லாரும் தாராளமா பகிரலாமா? அதே 2017ல் 1,500 ரூபாய் டெபாசிட்டுக்கு ஜியோபோன் அறிமுகமானது. இருக்கிறதிலேயே மலிவான 4ஜி போன். அது வந்தபோது அதில் ஹாட்ஸ்பாட் கிடையாது. ஸ்மார்ட்போன் வாங்க முடிந்தவர் இணைப்பைப் பகிரலாம். முடியாதவர் தான் மட்டும் பார்த்துக்கலாம். எல்லைக்கோடு ரோட்டிலிருந்து பாக்கெட்டுக்கு இடம் மாறிடுச்சு.

அதோட விலை 2020ல் தெரிந்தது. இ-பாஸ் இல்லாமல் ஜூஜுவாடியைத் தாண்ட முடியாத நாட்கள். வேலை லேப்டாப்பில், வகுப்பு போனில். வீட்டில் ஒரு போன் இருந்து, அதில் ஹாட்ஸ்பாட்டும் இருந்தால் அண்ணனுக்கும் தங்கைக்கும் ரெண்டு வகுப்பு நடக்கும். அப்பா அந்தப் போனை எடுத்துக்கிட்டு ஷிப்ட்டுக்குப் போயிட்டா ரெண்டு பேருக்குமே வகுப்பு இல்ல. 2021 ஜனவரியில் தமிழ்நாடு அரசு 9 லட்சத்து 69 ஆயிரத்துக்கும் அதிகமான கல்லூரி மாணவர்களுக்கு, ஏப்ரல் வரை தினம் 2 ஜிபி தரும் டேட்டா கார்டுகளை அறிவித்தது. இணையம் இல்லாமல் படிப்பு இல்லை என்பதை ஒரு அரசே ஒப்புக்கொண்ட தருணமாக நான் அதைப் பார்க்கிறேன்.

பகிரும்போது

பகிர்தலுக்கு ஒரு பொறுப்பும் இருக்கு. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்பின்போது வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் பாஸ்வேர்டு இல்லாத ஒருவரின் வைஃபை வழியாக அனுப்பப்பட்டது. போலீஸ் முதலில் போய் நின்றது அந்த வீட்டு வாசலில்தான். வெளியுலகத்துக்கு உள்ளே இருக்கும் எல்லாரும் ஒரே முகவரி என்று சொன்னேன் இல்லையா, அதோட அர்த்தம் இதுதான். அதனால ஹாட்ஸ்பாட்டுக்கு பாஸ்வேர்டு வைங்க. தெரிஞ்சவங்களுக்குக் கொடுங்க, வேலை முடிஞ்சதும் ஆஃப் பண்ணுங்க.

தெரியாதவங்களுக்கும் இணையம் கொடுக்க சட்டப்படி ஒரு வழி இருக்கு. 2020 டிசம்பர் 9 அன்று மத்திய அமைச்சரவை பிஎம்-வானி திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. டீக்கடையோ மளிகைக்கடையோ, உரிமமும் கட்டணமும் இல்லாமல் வைஃபை விற்கலாம். அந்தக் கடைக்கு வைத்த பெயர் பொது டேட்டா அலுவலகம், சுருக்கமாக பிடிஓ. நம்ம பிசிஓவோட தம்பி மாதிரி பேர்.

பி.பி. வீட்டுக்காரர் அன்னைக்கு யாருகிட்டயும் அனுமதி கேட்கல. தெருவுக்கு ஒரு போன்தான் இருக்கு, அதனால அது தெருவோட போன், அவ்வளவுதான். அதுக்கப்புறம் வந்த ஒவ்வொரு கோடும், வட்டமோ, 20 டாலரோ, ஹாட்ஸ்பாட் இல்லாத போனோ, கருவியால் முடியாததால வரல. யாரோ விலை வச்சதால வந்தது. விலையால வந்த கோடு அழியும் என்று ஜூஜுவாடி ஒரு தடவை காட்டியிருக்கு.

உங்க ஊர்ல பி.பி. நம்பர் கதை இருந்தா அம்மா, தாத்தாகிட்ட கேட்டு எங்களுக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.