கால்வாய் வெட்டியவர் காட்டுக்காக எழுதியது

திண்டுக்கல் சமவெளிக்குத் தண்ணீர் மலையிலிருந்து இறங்கித்தான் வரவேண்டும். மேற்கே பழனி மலைத்தொடர், தெற்கே சிறுமலை. கீழ்ப்பழனி மலைச் சரிவுகளில் பிறக்கும் கொடகனாறு ஆத்தூர், வேடசந்தூர் பக்கமாக வடக்கே ஓடி அமராவதியில் சேர்கிறது. ஆண்டில் பாதிக்கு மேல் வெறும் மணலாகக் கிடக்கும் இந்த ஆறு, ஐப்பசி, கார்த்திகையில் ஒரே இரவில் கரை புரளும். 1977இல் வந்த வெள்ளம் கொடகனாறு அணையையே உடைத்துக்கொண்டு போனது. அணையை வடிவமைத்தபோது கணக்கிட்ட வெள்ளத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு நீர் வந்தது. மின்சாரம் நின்றுவிட்டதால் ஊழியர்களால் ஷட்டர்களைப் பாதிதான் தூக்க முடிந்தது. மண்கரைக்கு மேல் வழிந்த நீர் கரையை அரித்துத் தள்ளியது.

இப்படி வரும் நீரைக் கரையும் கதவும் போட்டு அடக்குவதுதான் பொறியாளர் வேலை என்று நாம் பழகிவிட்டோம். ஆனால் மலைமேல் இருக்கும் காடும் பாசனத்தின் ஒரு பகுதிதான் என்று 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே எழுதிவைத்தவர்களில் ஒருவர், கால்வாய்ப் பொறியாளரான ரிச்சர்ட் பேர்டு ஸ்மித்.

ஸ்காட்லாந்தில் 1818இல் பிறந்த அவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் அடிஸ்கம் ராணுவக் கல்லூரியில் படித்து, 1838இல் சென்னைக்கு வந்து இறங்கினார். அடுத்த ஆண்டே வங்காளப் பொறியாளர் படைக்கு மாற்றம். கால்வாய்ப் பொறியாளர் பிராபி காட்லிக்கு உதவியாளராகக் கிழக்கு யமுனைக் கால்வாயில் சேர்ந்து, பிறகு அதன் கண்காணிப்பாளர் ஆனார்.

அந்தக் கால்வாயின் தலைப்பகுதி சிவாலிக் மலையடிவாரத்தில் இருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் காட்டாறுகள் கால்வாயைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். கோடையில் அவை கூழாங்கல் பாதைகள். மழை பிடித்தால் சில மணி நேரத்தில் மண்ணும் கல்லும் அள்ளிவந்து கால்வாயில் கொட்டும். தடுப்பணை கட்டுவதும், அடைத்த மணலை வாருவதும் ஆண்டுதோறும் தீராத வேலை. கரை நெடுக மரம் வளர்ப்பதும் கால்வாய்த் துறையின் பொறுப்பில்தான் இருந்தது. மலைச்சரிவில் நடப்பதற்குச் சமவெளி கொடுக்கும் விலையைப் பேர்டு ஸ்மித் இங்கே வேலையிலேயே பார்த்தார்.

மைசூரில் பணியாற்றிய மருத்துவர் ஹியூ கிளெக்ஹார்ன், காடழிப்பைப் பற்றிய கேள்வியை 1850இல் எடின்பரோவில் கூடிய பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் முன் வைத்தார். அதை ஆராய அமைந்த குழுவில் நால்வர்: கிளெக்ஹார்ன், தாவரவியலாளர் ஃபோர்ப்ஸ் ராயில், பொறியாளர்கள் பேர்டு ஸ்மித், ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி. பாதிப்பேர் பொறியாளர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அடுத்த ஆண்டு இப்ஸ்விச் கூட்டத்தில் அறிக்கை வந்தது. காடு போனால் மழை குறையுமா என்பதில் அது அவசரப்பட்டுத் தீர்ப்பு சொல்லவில்லை. மண்ணின் ஈரத்தையும் ஊற்றுகளையும் காடு காக்கிறது என்பதை வலியுறுத்தியது. தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துச் சொன்ன அந்த நேர்மை இன்றைக்கும் மதிக்கத்தக்கது.

1856இல் சென்னை மாகாணத்தில் வனத்துறை பிறந்தது. கிளெக்ஹார்ன் அதன் தலைவரானார். அதே ஆண்டுதான் ராயபுரத்திலிருந்து ரயிலும் கிளம்பியது. தண்டவாளத்துக்குக் கட்டையும் எஞ்சினுக்கு விறகும் கேட்ட ரயில், 1875இல் திண்டுக்கல்லைத் தொட்டது. காட்டைக் காக்கச் சொன்ன அரசுக்கே காட்டு மரம் தேவைப்பட்டது. 1882இன் சென்னை வனச் சட்டம் காடுகளை ஒதுக்கிக் காத்தது உண்மை. பழனி மலைப் பளியர் போன்ற பழங்குடியினரை அவர்கள் காட்டிலேயே அனுமதி கேட்டு நிற்க வைத்ததும் உண்மை. அந்த அநீதியை விட்டுவிட்டு இந்த வரலாற்றை எழுதக் கூடாது.

பேர்டு ஸ்மித் வாழ்ந்தது குறைந்த காலம். இத்தாலியின் பாசனத்தைப் பார்த்து 1852இல் இரண்டு தொகுதிகள் எழுதினார். காவிரி, கிருஷ்ணா, கோதாவரி அணைக்கட்டுகளைப் பற்றி 1856இல் ஒரு நூல். 1857 தில்லி முற்றுகையில் பிரிட்டிஷ் படையின் தலைமைப் பொறியாளர் அவர்தான். ஆங்கிலேய வரலாறுகள் அவரைக் கொண்டாடுவது அதற்காகத்தான். நமக்கு முக்கியம் அவருடைய எழுத்துகள். 1861இல் வட இந்தியப் பஞ்சத்தை ஆராய்ந்து, மக்கள் சாவது தானியம் இல்லாமல் அல்ல, வேலையும் கூலியும் இல்லாமல் என்று கண்டு சொன்னார். அந்த ஆண்டு டிசம்பரில், 43 வயது நிறையும் முன், தாயகம் திரும்பும் கப்பலில் இறந்தார். உடலைச் சென்னையில் அடக்கம் செய்தார்கள்.

திண்டுக்கல், கரூர் மாவட்டங்களின் காடுகளில் 11,806 ஹெக்டேரை 2022இல் தமிழக அரசு கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. காட்டைக் காக்க இது நல்ல தொடக்கம். கொடகனாற்றைத் தூர்வார இனி மதிப்பீடு போடும் பொறியாளர்கள், சிறுமலைச் சரிவுக்கும் கீழ்ப்பழனிச் சரிவுக்கும் அதில் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். அந்த வேலையில் மலைவாழ் மக்களுக்குக் கூலியோடு முடிவெடுக்கும் உரிமையும் வேண்டும்.