கண்கொத்தியின் விஷம்: பின்நச்சுப்பல் பாம்புகளைப் பற்றிய அறிவு வளர்ந்த வரலாறு

ஆழ்வார்திருநகரியைச் சுற்றிய தோட்டங்களிலும் தாமிரபரணியின் தென்கால் பாயும் வயல்களை ஒட்டிய வேலிகளிலும் பச்சைப் பாம்பைப் பார்க்காதவர்கள் குறைவு. அதைப் பற்றித் தமிழகத்தில் இரண்டு நம்பிக்கைகள் உண்டு. முகத்துக்கு நேரே பாய்ந்து கண்ணைக் கொத்தும் என்பது ஒன்று; கண்கொத்திப் பாம்பு என்ற பெயர் அதன் வழி வந்தது. அந்தப் பாம்பையே கையால் உருவிவிட்டால் சமையலில் கைமணம் கூடும் என்பது மற்றொன்று. அஞ்சவும் செய்தார்கள், தொடவும் செய்தார்கள். இது விஷப் பாம்பா, இல்லையா என்ற கேள்வியில் ஊரார் மட்டும் தடுமாறவில்லை. பாம்பு வளர்ப்போரும் பாம்பு பிடிப்போரும் அருங்காட்சியகப் பண்டிதர்களும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இதே இடத்தில்தான் தடுமாறினார்கள். அந்தத் தடுமாற்றம் எப்படித் தெளிந்து வந்தது என்பதை, இந்த ஆற்றுச் சமவெளியின் பாம்புகளை முன்னிறுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நல்ல பாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் விரியன் வகைகளுக்கும் நச்சுப்பல் மேல்தாடையின் முன்பக்கத்தில் இருக்கிறது. பச்சைப் பாம்பு, பூனைப் பாம்பு, கழிமுகச் சேற்றில் வாழும் நாய்முகத் தண்ணீர்ப் பாம்பு ஆகியவற்றுக்கு அது மேல்தாடையின் பின்கோடியில், ஏறத்தாழக் கண்ணுக்குக் கீழே அமைந்திருக்கிறது. முன்பல் பாம்புகளின் பல்லுக்குள் மூடிய குழாய் இருக்கும். பின்பல்லில் பெரும்பாலும் திறந்த பள்ளம்தான். சுரப்பியை அழுத்திப் பீய்ச்சும் வலுவான தசையும் பெரும்பாலான இனங்களில் இல்லை. ஆகவே இவை கொத்திவிட்டு விலகுவதில்லை. இரையைக் கவ்விப் பிடித்து மென்று மென்று விஷத்தைக் கசியவிடுகின்றன. பச்சைப் பாம்பின் வாயில் ஓணான் துடிப்பு அடங்கும்வரை தொங்கிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுவே.

ஊர் வழக்கில் மிகக் கொடிய பெயர் வாங்கியதோ பின்பல்கூட இல்லாத ஒரு பாம்பு. கடித்தவனின் பிணம் எரியும் புகையை மரத்தின் மேலேறி நின்று பார்க்கும் என்று சொல்லப்படும் கொம்பேறி மூக்கனுக்கு நச்சுப்பல் கிடையாது. இரவில் ஊர்ந்து, பகலில் பொந்திலும் ஓலையிலும் சுருண்டு கிடக்கும் பூனைப் பாம்புக்கு நச்சுப்பல் உண்டு. அதைப் பற்றி அப்படியொரு கதை பரவவில்லை. அச்சம் ஒரு பக்கமும் உடற்கூறு வேறு பக்கமும் போனதால், பாம்புகளை நம்பகமாகப் பிரிக்க ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. சென்னை மாகாணத்தில் அந்த அளவுகோலை முதலில் முறையாகத் தேடியவர் பேட்ரிக் ரஸ்ஸல்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை ஆய்வாளராக இருந்த ரஸ்ஸல், சோழமண்டலக் கரையில் சேர்த்த பாம்புகளைப் பற்றிய பெருநூலின் முதல் பகுதியை 1796-இல் வெளியிட்டார். ஒவ்வொரு பாம்பையும் படமாக எழுதச் செய்தார், வாயைத் திறந்து பற்களை ஆராய்ந்தார், கோழிகளையும் நாய்களையும் கடிக்கவிட்டு விளைவைக் குறித்தார். பாம்புக்கடிக்கு அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த தஞ்சாவூர் மாத்திரையையும் சோதித்தார். கடித்த பின் கோழி செத்ததா பிழைத்ததா என்று பார்த்து ஒரு பாம்பைப் பற்றி முடிவுக்கு வருவது அன்றைய நிலையில் பெரிய முன்னேற்றம். ஆனால் அந்தச் சோதனைக்குள்ளேயே ஒரு குறை இருந்தது. நொடியில் கொத்தி விலகும் நல்ல பாம்புக்கு ஏற்ற சோதனை அது. மென்று விஷம் ஏற்றும் பாம்பு அதில் தப்பிவிடும். ஓணானுக்கும் தவளைக்கும் என்றே அமைந்த விஷம் நாயிடம் எதையும் காட்டாது. பின்பல் பாம்புகள் நீண்ட காலம் விஷமற்றவை என்ற பட்டியலில் கிடந்ததற்கு இந்தக் குறையே வேர் என்பது என் முடிபு.

அடுத்த கட்டம் பிரான்சில் நடந்தது. 1832-இல் டுவெர்னாய் என்ற உடற்கூற்றியலாளர், இத்தகைய பாம்புகளின் மேல்தாடையில் பின்பல்லோடு தொடர்புடைய தனிச் சுரப்பியை விவரித்தார். 1850-களில் டூமெரில் பல்லின் இருப்பிடத்தையும் பள்ளத்தையும் கொண்டு பாம்புகளை வகுத்தார். லண்டன் அருங்காட்சியகத்தில் பூலாஞ்சே 1893 முதல் 1896 வரை வெளியிட்ட பாம்புப் பட்டியல் இந்த வகுப்பை உலகம் முழுவதும் நிலைநிறுத்தியது. போத்தலில் அடைத்த பாம்பின் வாயைத் திறந்து பார்த்து வகுப்பைச் சொல்லிவிடலாம் என்பதால் அருங்காட்சியகத்துக்கு அது வசதியாக இருந்தது. ஆனால் பின்பல் என்பது ஒரே வம்சத்தின் அடையாளம் அல்ல. ஆற்றங்கரைப் பச்சைப் பாம்பும் கழிமுகத்து நாய்முகப் பாம்பும் வெவ்வேறு கிளைகளைச் சேர்ந்தவை. இவற்றையெல்லாம் ஒரே பெயரில் அடக்கியதால், ஒன்று தீங்கற்றது என்றால் எல்லாமே தீங்கற்றவை என்ற எண்ணம் தானாக ஒட்டிக்கொண்டது.

அந்த எண்ணத்தைக் கேள்விக்கு உள்ளாக்கிய ஆய்வு இந்தியாவிலேயே நடந்தது. கல்கத்தா அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த ஆல்காக், மருத்துவர் லெனார்டு ராஜர்ஸ் இருவரும் விஷமற்றவை எனப்பட்ட சில பாம்புகளின் உமிழ்நீருக்கு நச்சுத்தன்மை உண்டு என்று 1902-இல் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதினார்கள். சுரப்பியின் சாற்றை எடுத்துச் சிற்றுயிர்களுக்கு ஊசியாக ஏற்றியதால், பாம்பு எப்படிக் கடிக்கிறது என்ற தடை நீங்கியது. ரஸ்ஸலின் சோதனையில் ஒளிந்திருந்தது இங்கே வெளிப்பட்டது. ஆனால் மருத்துவத்துறை இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல பாம்பும் விரியனும் ஆயிரக்கணக்கில் உயிர் குடிக்கும் நாட்டில், வீங்கி வடியும் ஒரு கடியைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? அந்த முன்னுரிமை நியாயமானதே. ஆயினும் அதன் விலையை வேறு நாட்டில் ஒருவர் கொடுத்தார்.

1957 செப்டம்பர் 25 அன்று, சிகாகோ அருங்காட்சியகத்தின் கார்ல் ஷ்மிட், இனங்காணும்படி விலங்குக்காட்சிச் சாலை அனுப்பிய ஓர் இளம் பூம்ஸ்லாங் பாம்பைக் கையில் எடுத்தார். ஆப்பிரிக்காவின் பின்பல் மரப் பாம்பு அது. கட்டைவிரலில் கடித்தது, பதிந்தது ஒற்றைப் பல் மட்டுமே. உலகின் முதன்மையான பாம்பு அறிஞர்களில் ஒருவரான அவர் மருத்துவமனைக்குப் போகவில்லை. குமட்டல், நடுக்கம், ஈறுகளில் இரத்தக் கசிவு என்று தன் உடலில் நடப்பதையெல்லாம் குறித்துக்கொண்டே வந்தார். மறுநாள் பிற்பகல் இறந்தார். உள்ளுறுப்புகளில் இரத்தம் கசிந்திருந்தது. 1975-இல் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் மெர்ட்டென்ஸ், தாம் வளர்த்த ஆப்பிரிக்கக் குச்சிப் பாம்பு கடித்து இறந்தார். ஜப்பானின் யமககாஷியும் நெடுங்காலம் தீங்கற்றதாகவே கருதப்பட்டு, மனிதர் இறந்த பிறகே ஆபத்தான பாம்பு எனப்பட்டது. இந்த இறப்புகளுக்குப் பிறகு பாம்பு வளர்ப்போர் நடுவே காற்று எதிர்த்திசையில் வீசியது. பின்பல் என்றாலே சந்தேகம் என்றாயிற்று. இரு நிலைகளிலும் பிழை ஒன்றுதான்: பல் இருக்கும் இடத்தை வைத்தே எல்லாப் பாம்புக்கும் சேர்த்துத் தீர்ப்புச் சொன்னது.

தமிழ்நாட்டில் இந்த விவாதத்துக்கு நிலையான இடம் கிடைத்தது 1969-இல் ராமுலஸ் விட்டேகர் சென்னைப் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய பிறகு. வடநெம்மேலியில் 1978-இல் உருவான இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் எடுத்துத் தருகிறது. பச்சைப் பாம்பும் பூனைப் பாம்பும் அந்த வரிசையில் இல்லை. இன்று வீடுகளில் பாம்பு மீட்கும் இளைஞர்கள் இவ்விரண்டையும் ‘செமி வெனமஸ்’ என்றும் ‘பாதி விஷம்’ என்றும் சொல்கிறார்கள். அந்தச் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. ஓணானுக்கு அது பாதி விஷம் அல்ல, முழு விஷம்.

இதை உறுதிசெய்தவை இந்த நூற்றாண்டின் மூலக்கூறு ஆய்வுகள். அலையாத்திக் காடுகளில் வாழும் ஒரு பூனைப் பாம்பின் விஷத்திலிருந்து 2006-இல் பிரித்த புரதம் பறவையின் நரம்பு-தசை இணைப்பை முடக்கியது. எலியிடம் மிகக் குறைவாகவே வேலை செய்தது. 2009-இல் பழுப்பு மரப் பாம்பிலிருந்து பிரித்த இன்னொரு புரதம் பறவைகளையும் பல்லிகளையும் கொன்றது, எலியை ஒன்றும் செய்யவில்லை. குவாம் தீவுக்கு இரண்டாம் உலகப் போரை ஒட்டிக் கப்பல்வழி வந்து சேர்ந்து, அங்குள்ள பறவையினங்களை அழித்த பாம்பு அதுதான்; தூங்கும் கைக்குழந்தைகளை அது கடித்துக் கடும் பாதிப்பு ஏற்பட்டதும் உண்டு. இவ்விரு புரதங்களும் நல்ல பாம்பின் நரம்பு நச்சு சேர்ந்த மூவிரல் நச்சுக் குடும்பத்தையே சேர்ந்தவை. ஓணானையும் பல்லியையும் தின்று வாழும் நம் பூனைப் பாம்பும் இதே பேரினம். மனித உடலை அளவுகோலாக வைத்தவரை கண்ணில் படாத விஷம், இரையின் உடலை அளவுகோலாக வைத்ததும் தெளிவாகத் தெரிந்தது.

பல்லைப் பற்றிய கருத்தும் மாறியது. 2008-இல் வெளியான கருவளர்ச்சி ஆய்வொன்று, முன்பல் பாம்புகளின் நச்சுப்பல்லும் கருவில் தாடையின் பின்பகுதியிலேயே தோன்றிப் பிறகு முன்னே நகர்கிறது என்று காட்டியது. விஷச் சுரப்பி பாம்புகளுக்கும் சில பல்லி வகைகளுக்கும் பொதுவான ஒரே மூதாதையிடம் தோன்றியது என்று பிரையன் ஃபிரையும் அவர் குழுவினரும் 2006-இல் வாதிட்டார்கள்; 2014-இல் மரபணு வெளிப்பாட்டை ஒப்பிட்ட வேறு ஆய்வாளர்கள் அதை மறுத்தார்கள். வெய்ன்ஸ்டைன், வாரல் முதலான மருத்துவ ஆய்வாளர்களோ, கடிபட்ட மனிதரின் பதிவுகளில் சான்று இருந்தால் மட்டுமே ஒரு பாம்பை ஆபத்தானது என்று சொல்ல வேண்டும் என்கிறார்கள். இரு தரப்புக்கும் இடமிருக்கிறது என்பது என் நிலை. விஷம் என்பது இரையோடு உள்ள உறவு. ஆபத்து என்பது நம்மோடு உள்ள உறவு. தாமிரபரணிச் சமவெளியின் பச்சைப் பாம்பும் பூனைப் பாம்பும் விஷமுள்ளவை, மனித உயிருக்கு ஆபத்தில்லாதவை. பச்சைப் பாம்பு கடித்தால் வலி, வீக்கம், மரத்துப்போதல் வரும். இரண்டு மூன்று நாளில் தணியும்.

இந்த வேறுபாடு ஏட்டோடு நிற்பதல்ல. ஆழ்வார்திருநகரிக்குத் தெற்கே, திருச்செந்தூர்ப் பக்கம் விரியும் தேரிச் செம்மணலும் பனங்காடும் சுருட்டை விரியனுக்கு ஏற்ற வறண்ட நிலம். பூனைப் பாம்பு உடல் நிறத்திலும் வளைகோட்டு வரிகளிலும் சுருட்டையைப் போலவே இருக்கும். சீண்டினால் அதைப் போலவே சுருண்டு பாயும். பார்த்துப் பிரிக்க வழி உண்டு. பூனைப் பாம்பின் தலையில் பெரிய தகடுகள் தெரியும், உடல் மெலிந்து நீண்டிருக்கும். சுருட்டையின் தலை முழுவதும் பொடிச் செதில்கள், உடல் குட்டை, செதிலை உரசி அரம் தேய்ப்பதுபோல் ஓசை எழுப்பும். இருட்டில் கடிபட்டவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். அடித்துக் கொண்டுவந்த பாம்பை வைத்து முடிவெடுத்தால் இரண்டு பக்கமும் கேடு. பூனைப் பாம்பைச் சுருட்டை என்று நினைத்து விஷமுறிவு மருந்தை ஏற்றினால், குதிரையின் குருதியிலிருந்து செய்த அம்மருந்து பயனே இல்லாமல் கடும் ஒவ்வாமையைத் தரலாம். சுருட்டையைப் பூனைப் பாம்பு என்று நினைத்து வீட்டுக்கு அனுப்பினால் உயிரே போகலாம். கடிபட்டவரின் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் இருபது நிமிடம் அசையாமல் வைத்து, உறைகிறதா என்று பார்க்கும் எளிய சோதனை இதனால்தான் முக்கியமாகிறது. அது பாம்பின் பெயரைக் கேட்பதில்லை. ஆகவே எந்தக் கடியானாலும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

பழைய கடிக்குறிப்புகளை இன்று படிக்கும்போது இன்னொரு சிக்கலும் எழுகிறது. தென்னிந்தியச் சமவெளியின் பச்சைப் பாம்பும் இலங்கையின் பச்சைப் பாம்பும் ஒரே இனம் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 2020-இல் அசோக் குமார் மாலிக், எஸ்.ஆர். கணேஷ், கார்த்திக் ஷங்கர் முதலானோர் வெளியிட்ட ஆய்வு அதைப் பல இனங்களாகப் பிரித்தது. அஹைதுல்லா நாசுட்டா என்ற பழைய பெயர் இலங்கைப் பாம்புக்கே உரியதாயிற்று. நம் சமவெளிப் பாம்புக்கு, பெல் 1825-இல் இட்ட ஆக்சிரிங்கா என்ற பெயர் மீண்டது. அதற்கு முந்தைய ஆண்டில், தென் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து பச்சைப் பாம்பின் மிகத் தொன்மையான கிளையாகப் புதிய பேரினமே ஒன்று விவரிக்கப்பட்டிருந்தது. ஒரே பெயரில் சேர்த்துவைத்த கடிக்குறிப்புகளை இனி ஊர்வாரியாகவும் இனவாரியாகவும் பிரித்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

அதற்கு வாய்ப்பு இப்போது வந்திருக்கிறது. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக அறிவித்தது. மருத்துவமனைகள் கடிகளை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். உயிருக்கு ஆபத்தில்லை என்று கட்டுப்போட்டு அனுப்பும் பின்பல் கடிகளையும், இனம் உறுதியாகத் தெரிந்தால், பெயரோடும் படத்தோடும் அந்தப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். வீக்கம் எத்தனை மணி நேரம் இருந்தது, இரத்தம் உறைந்ததா, கடிபட்டது குழந்தையா பெரியவரா என்ற மூன்று விவரங்கள் அதோடு இருந்தால் போதும். ஆல்காக்கும் ராஜர்ஸும் சிற்றுயிர்களிடம் தொடங்கிய ஆய்வை, மனிதரின் மருத்துவப் பதிவுகளைக் கொண்டு ஸ்ரீவைகுண்டம், திருச்செந்தூர் வட்டங்களிலிருந்தே தொடர முடியும்.