மண்டியிடாமல் தோண்ட முடியுமா? யார்க் நகரின் சிறுவர் தொல்லியல் மையமும் அணுகலின் வரலாறும்

அகழாய்வு என்றதும் ஓர் உருவம் மனத்தில் எழுகிறது. சதுரக் குழிக்குள் மண்டியிட்டுக் குனிந்து, கரணையால் மண்ணை அடுக்கடுக்காகச் சுரண்டும் ஒருவர். தொல்லியல் நூல்களின் அட்டைப் படங்களிலும் தொலைக்காட்சியிலும் இந்த உருவம்தான். சிறுவர்களுக்காக அமைக்கப்படும் தொல்லியல் மையங்களும் பெரும்பாலும் அதையே நகலெடுக்கின்றன: ஒரு குழி, கொஞ்சம் மண், ஒரு கரணை. மண்டியிட முடியாத, குனிய முடியாத, குழியைப் பார்க்க முடியாத குழந்தைக்கு அங்கே என்ன இருக்கிறது? இங்கிலாந்தின் யார்க் நகரில் 'டிக்' என்ற பெயரில் இயங்கும் மையத்தையும் அதற்கு முன் அதே கட்டடத்தில் இருந்த மையத்தையும் முன்வைத்து இக்கேள்வியை ஆராயலாம். அணுகல் என்பது காலப்போக்கில் நேர்கோட்டில் வளர்ந்துவந்த ஒன்று என்ற பொதுவான எண்ணத்துக்கு யார்க்கின் வரலாறு அவ்வளவாக ஒத்துழைக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அருங்காட்சியக அணுகலின் வரலாற்றில் இரண்டு சரடுகள் உண்டு. ஒன்று தொடுதல், மற்றொன்று நுழைதல். நெடுங்காலம் இவை ஒன்றையொன்று அறியாமலே சென்றன. தொடுதலின் கதை வியப்பூட்டும் அளவுக்குப் பழையது. இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள சண்டர்லாண்ட் அருங்காட்சியகத்தில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, பார்வையற்ற பள்ளிப் பிள்ளைகளை வரவழைத்துக் காட்சிப் பொருள்களைத் தொட்டுப் பார்க்க வைத்தார் சார்ல்டன் டீஸ். பாடம் செய்யப்பட்ட விலங்குகளின் மீது பிள்ளைகள் கைவைத்துத் தடவிப் பார்க்கும் புகைப்படங்கள் இன்றும் உள்ளன. அந்த அனுபவத்தை 1913இல் அவர் அருங்காட்சியகத் துறையினர் முன் கட்டுரையாகவும் வைத்தார். ஆனால் அது வழக்கமாகப் பரவவில்லை. 1976இல் லண்டன் டேட் காட்சியகம் பார்வையற்றோருக்கான சிற்பக் காட்சியை நடத்தியதும், 1983இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் தொட்டுப் பார்ப்பதற்கென்றே ஒரு காட்சியை வைத்ததும் சிறப்பு ஏற்பாடுகள்தாம். காட்சி முடிந்ததும் 'தொடாதீர்கள்' பலகை பழைய இடத்துக்குத் திரும்பியது.

நுழைதலின் சரடு சட்டத்தோடு பின்னியது. நாடாளுமன்ற உறுப்பினர் ஆல்ஃப் மோரிஸ் கொண்டுவந்த 1970ஆம் ஆண்டுச் சட்டம், பொதுமக்கள் வரும் கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி வேண்டும் என்றது. 'நடைமுறையில் இயன்றதும் நியாயமானதுமான அளவில்' என்ற வாசகத்தையும் சேர்த்துக்கொண்டது. இயலாது என்று சொல்லிவிட விரும்பியவர்களுக்கு அந்த வாசகமே போதுமானதாக இருந்தது.

யார்க் தொல்லியல் அறக்கட்டளை 1972இல் பீட்டர் ஆடிமன் தலைமையில் தொடங்கியபோது இந்த இரண்டு சரடுகளும் அதன் கவலைகள் அல்ல. நகர மறுகட்டமைப்பில் அழியவிருந்த மண்ணடுக்குகளை முந்திக்கொண்டு தோண்டுவதே அதன் வேலை. 1976 முதல் 1981 வரை காப்பர்கேட் தெருவில் நடந்த அகழாய்வு எல்லாவற்றையும் மாற்றியது. ஈரம் ஊறிய, காற்றுப் புகாத மண்ணில் வைக்கிங் காலத்து மரம், தோல், துணி எல்லாம் மக்காமல் கிடந்தன. சுமார் 40,000 தனிப்பொருள்கள், ஏறத்தாழ இரண்டரை லட்சம் பானை ஓடுகள், டன் கணக்கில் விலங்கெலும்புகள். தோண்டும்போதே மக்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள். 1984இல் அதே இடத்தில் திறக்கப்பட்ட ஜோர்விக் வைக்கிங் மையம், பார்வையாளரை வண்டியில் உட்காரவைத்து மீட்டுருவாக்கிய தெரு ஒன்றின் ஊடே அழைத்துச் சென்றது. அங்கே பார்க்கலாம், மோந்தும் பார்க்கலாம். மீனும் புகையும் கழிப்பிடமும் கலந்த நாற்றம் அதன் புகழில் பாதி. தொடுவதற்குத்தான் இடமில்லை.

அந்த இடம் வேறொரு கட்டடத்தில் கிடைத்தது. செயின்ட் சேவ்யர்ஸ் எனப்படும் மீட்பர் தேவாலயம் இடைக்காலத்தைச் சேர்ந்தது, 1840களில் பெருமளவு திரும்பக் கட்டப்பட்டது, வழிபாடு நின்றபின் அறக்கட்டளையின் கிடங்காகப் பயன்பட்டது. 1990இல் அங்கே 'தொல்லியல் வள மையம்' திறக்கப்பட்டது. எலும்பியல் தெரிந்த சுற்றுச்சூழல் தொல்லியலாளர் ஆண்ட்ரூ ஜோன்ஸ் அதன் உருவாக்கத்தில் முக்கியமானவர். எண்ணிக்கையில் மிகுந்த எலும்பு, ஓடு, சிப்பி ஆகியவற்றைத் தட்டுகளில் பரப்பி, பிள்ளைகளையே தரம்பிரிக்கச் சொன்னார்கள். இது மாட்டின் பல்லா ஆட்டின் பல்லா, இந்த விளிம்பு எந்தப் பானையுடையது என்று அவர்களே முடிவு சொல்லவேண்டும். பக்கத்தில் தறி, பழங்காலப் பூட்டின் நகல், தோல் செருப்புத் தைக்கும் வேலை. கண்ணாடிப் பெட்டிக்குள் போகத் தகுதியற்றவை என்று ஒதுக்கப்பட்ட உபரிதான் இந்தத் தாராளத்துக்கு அடிப்படை. அரிய பொருளாக இருந்திருந்தால் யாரும் பிள்ளைகள் கையில் தந்திருக்கமாட்டார்கள்.

இங்கே சற்று நிற்கவேண்டும். வள மையத்தின் நடுவேலை மேசையில் நடந்தது. மேசையில் உட்கார்ந்து, கையால் எடுத்து, விரலால் விளிம்பைத் தடவி, பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுச் செய்யும் வேலை. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு மேசைக்கடியில் முழங்காலுக்குச் சுமார் 70 செ.மீ. உயரம் கிடைத்தால் மற்றவரோடு சமமாக உட்காரலாம். பார்வையற்ற குழந்தைக்கு ஓட்டின் சொரசொரப்பும் எலும்பின் எடையும் நிறத்தைவிட நம்பகமான சான்றுகள். மாற்றுத்திறனாளிகளை மனத்தில் வைத்து உருவான ஏற்பாடு இது என்று நான் சொல்லவரவில்லை. தரம்பிரித்தல் என்ற தொல்லியல் பணியின் இயல்பிலேயே அது இருந்தது. பாகுபாட்டை நேரடியாகத் தடைசெய்த சட்டம் 1995இல்தான் வந்தது என்பதை நினைத்தால், அதற்கு ஐந்தாண்டு முந்தைய இந்த மேசைக்குக் கூடுதல் மதிப்புத் தரத்தோன்றுகிறது.

1995ஆம் ஆண்டுச் சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. 1996 டிசம்பரில் சேவை மறுப்புக்குத் தடை, 1999 அக்டோபரில் நடைமுறைகளைத் திருத்தும் கடமை, 2004 அக்டோபரில் கட்டடத்தின் படி, கதவு போன்ற தடைகளைக் கவனிக்கும் கடமை. இடையில் 2001இல் இயற்றப்பட்ட இன்னொரு சட்டம் பள்ளிகளையும் இந்த வரம்புக்குள் கொண்டுவந்தது. வகுப்பிலுள்ள ஒரு பிள்ளையை மட்டும் பள்ளியிலேயே விட்டுவிட்டுச் சுற்றுலா போவது இனிச் சட்டச் சிக்கல். பள்ளிக் கூட்டத்தை நம்பி இயங்கும் மையங்களை இது அருங்காட்சியகச் சட்டம் எதையும்விட அதிகமாகத் தொட்டிருக்கவேண்டும் என்பது என் கணிப்பு.

கட்டடங்கள் மீதான கடமை முழுமையாக நடப்புக்கு வந்த இரண்டாண்டில், 2006இல், வள மையம் 'டிக்' ஆக உருமாறியது. யார்க்கில் அறக்கட்டளை தோண்டிய இடங்களை ஒட்டி ரோமர், வைக்கிங், இடைக்காலம், விக்டோரியா காலம் என நான்கு அகழாய்வுக் குழிகள் அமைக்கப்பட்டன. பிள்ளைகள் கரணையோடு தோண்டிக் கண்டுபிடிக்கிறார்கள், பிறகு உண்மையான தொல்பொருள்களைக் கையில் எடுத்து விளங்கிக்கொள்கிறார்கள். கவர்ச்சியைப் பொறுத்தவரை இது பெரிய முன்னேற்றம்; எட்டு வயதுப் பிள்ளையிடம் தரம்பிரிக்கவா தோண்டவா என்று கேட்டால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. உடலைப் பொறுத்தவரை நிலை வேறு. மேசை பின்னுக்குப் போய்க் குழி முன்னுக்கு வந்தது. உட்கார்ந்து செய்த வேலையின் இடத்தில் குனிந்து செய்யும் வேலை. அணுகலுக்குச் சட்டம் வலுவாகப் பேசிய காலத்தில், மையத்தின் நடுவேலை பழையதைவிடக் கடினமான உடல்நிலையைக் கேட்டது.

குழிகளை நிரப்பியிருக்கும் பொருளில் ஒரு சமாதானம் உண்டு. அது மண் அல்ல, ரப்பர் துகள் போன்ற செயற்கை மண். தூசி எழாது, சேறாகாது, உடையில் ஒட்டாது. மூச்சிரைப்புள்ள குழந்தைக்கும், ஈரமண் பட்டால் கூசும் குழந்தைக்கும் உண்மை மண்ணைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் தொட்டே அறிபவருக்கு இதே செயற்கை மண் ஓர் இழப்பு. களத்தில் களிமண்ணிலிருந்து மணலுக்கும் மணலிலிருந்து சாம்பலுக்கும் மாறும்போது கரணை விரலுக்குச் செய்தி சொல்லும். அடுக்கு மாறுவதைக் கண்ணுக்கு முன்பே கை உணர்ந்துவிடுவதும் உண்டு. ஒரே மாதிரித் துகளில் அந்தச் செய்தி இல்லை.

இதே ஆண்டுகளில் பல்கலைக்கழகங்களின் களப்பயிற்சியிலும் இக்கேள்வி எழுந்தது. ரெடிங் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்திய திட்டம், எந்தக் குறைபாடு இருந்தால் எந்த வேலை முடியாது என்று பட்டியலிடுவதை விட்டு, ஒவ்வொரு வேலையும் எந்தத் திறனைக் கேட்கிறது என்று பார்த்தது. மாணவரே தம் திறனை மதிப்பிடும் கருவி ஒன்றையும் உருவாக்கியது. அந்தக் கண்ணால் பார்த்தால் அகழாய்வு ஒரே வேலையல்ல. தோண்டுதல், சலித்தல், கழுவுதல், அளத்தல், வரைதல், பதிதல், தரம்பிரித்தல் எல்லாம் சேர்ந்தது. மண்டியிடுதல் இவற்றில் முதலாவதற்கு மட்டும் வேண்டும், குழியை உயர்த்திக் கட்டினால் அதற்கும் வேண்டாம்.

இனி கட்டடம். பழைய தேவாலயத்தில் ஒரு சாய்தளம் அமைப்பதுகூட அனுமதிகளைக் கடந்துவரும் காரியம். கட்டட விதிகளின் கணக்கில், இரண்டு மீட்டர் நீளச் சாய்தளம் 12க்கு 1 வரை சாயலாம், பத்து மீட்டராக நீண்டால் 20க்கு 1 என்ற அளவுக்குத் தட்டையாகவேண்டும். குறுகிய தெருக்கள் நிறைந்த பழைய நகரில் அத்தகைய நீளத்துக்கு எங்கே போவது? படியைவிடக் குறைவாகப் பேசப்படுவது ஒலி. உயர்ந்த கூரையும் கல்சுவரும் ஒருவர் பேச, பலர் அமைதியாகக் கேட்பதற்காகக் கட்டப்பட்டவை. அங்கே நான்கு குழிகளில் பிள்ளைகள் ஒரே நேரத்தில் கூவினால், காது கேட்கும் கருவி அணிந்தவருக்கு எல்லாம் ஒரே இரைச்சல். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு அது வெளியேறவேண்டிய காரணம்.

நேரமும் அப்படித்தான். குழு குழுவாக, குறித்த நேரத்துக்குள் நடக்கும் நிகழ்ச்சியில், மெதுவாகத் தோண்டும் பிள்ளை எதையும் கண்டுபிடிக்காமலே எழுந்துபோகும்படி ஆகலாம். கூட்டத்தைக் குறைத்து, ஒலியைத் தணித்து, அவசரமின்றி நடத்தும் தனி அமர்வுகள் பிரிட்டிஷ் அருங்காட்சியகங்களில் 2010களில்தான் பரவலாயின. ஆனால் அதற்கான கடமை, நடைமுறைகளைத் திருத்துவது என்ற வடிவில், 1999 அக்டோபரிலேயே நடப்பில் இருந்தது, படிகளைப் பற்றிய கடமைக்கு ஐந்தாண்டு முன்னதாக. கூட்டத்தைக் குறைக்கவும் நேரத்தை நீட்டவும் எந்தக் கட்டட அனுமதியும் தேவைப்படவில்லை.