படை ஏட்டில் ஒரு பெயர்

(வானொலியில் ஒலித்த ஞாயிறு அருளுரை)



எல்லாரும் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று அகுஸ்து சீசரின் ஆணை வந்தது. நிறைமாதக் கர்ப்பிணியான மரியாவை அழைத்துக்கொண்டு யோசேப்பு பெத்லகேமுக்குப் புறப்பட்டார். அரசு பெயர் கேட்டது, திருக்குடும்பம் கொடுத்தது. ஆனால் பெயரை எழுதிக்கொண்ட அரசு, ஒருநாள் அந்த ஏட்டைப் புரட்டி, "உன் மகனைப் போருக்கு அனுப்பு" என்றால்? இந்தக் கேள்வி நம் மண்ணுக்குப் புதிதல்ல.

16ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர்கள் ஏற்படுத்திய பாளையங்களுள் ஒன்று எட்டயபுரம். பாளையக்காரர் கப்பம் கட்டினால் மட்டும் போதாது. கேட்டபோது படையும் அனுப்ப வேண்டும். அதற்காகக் குடிகளில் பலருக்குச் சொற்ப வரியில் நிலம் விட்டார்கள். கட்டுப்படிச் சேவகர் என்று அவர்களுக்குப் பெயர். அமைதிக் காலத்தில் கம்பும் பருத்தியும் விளைத்தார்கள். அழைப்பு வந்தால் வேலும் வாளும் எடுத்தார்கள். தகப்பன் உழுத நிலத்தோடு தகப்பனின் வேலும் மகன் கைக்கு வந்தது.

1799 செப்டம்பரில் கும்பினித் தளபதி பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். கோட்டையை விட்டு வெளியேறிய கட்டபொம்மனை, கும்பினி பக்கம் நின்ற எட்டயபுரம் படை துரத்தியது. கோலார்பட்டியில் கடும் மோதல். இரு பக்கமும் பலர் மாண்டார்கள். அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார்.

யார் வீரர், யார் துரோகி என்று 200 ஆண்டுகளுக்கு மேலாகப் பேசி வருகிறோம். கோலார்பட்டியில் விழுந்த சேவகனை யார் நினைக்கிறார்கள்? இரு பக்கமும் கரிசல்காட்டு விவசாயிகள். தன் பகைவன் யார் என்று அவனிடம் எவரும் கேட்கவில்லை. அவன் உழுத நிலம் எந்தப் பாளையத்தில் இருந்ததோ, அதுவே அவன் பகையையும் தீர்மானித்தது.

1801 முடிவில் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைக் கும்பினி அரசு தடை செய்தது; அந்தப் பழைய படைக்கடமை ஒழிந்தது. முதல் உலகப் போரின்போது, 1917இல், இந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பிய ஆண்கள்தான் கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போரில் சுமார் 25 இலட்சம் இந்தியர் படையில் இருந்தார்கள். கட்டாயச் சட்டம் இல்லை. நாட்டைக் காப்பது அடிப்படைக் கடமை என்று நம் அரசியலமைப்பின் 51-அ பிரிவு சொல்கிறது; ஆனால் இளைஞரைக் கட்டாயமாகப் படையில் சேர்ப்பதில்லை. கடல் கடந்த சிங்கப்பூரில் நிலைமை வேறு. 1967 முதல் அங்கே கட்டாயப் படைச்சேவை உண்டு. அந்நாட்டுக் குடிமக்களான தமிழ்ப் பிள்ளைகளும் பதினாறரை வயதில் பதிவு செய்ய வேண்டும்.

கட்டளை அநீதியான போருக்கு அழைத்தால் என்ன செய்வது? ஆஸ்திரிய நாட்டு விவசாயி ஒருவர் பதில் தந்திருக்கிறார். பெயர் பிரான்ஸ் யேகர்ஸ்டாட்டர். தம் ஊர் ஆலயத்தில் கோவில்பிள்ளையாகப் பணிசெய்தவர். மனைவியும் மூன்று பெண் குழந்தைகளும் இருந்தார்கள். 1943இல் இட்லரின் படைக்கு அழைப்பு வந்தது. ஒளிந்து ஓடாமல் முகாமுக்கே சென்று, "இந்தப் போரில் ஆயுதம் ஏந்த மாட்டேன்" என்று அறிவித்தார். காயப்பட்டோருக்குப் பணிசெய்ய ஆயத்தமாக இருந்தார், அதை ஏற்கவில்லை. ஆகஸ்ட் 9ஆம் நாள் தலை வெட்டப்பட்டது. குடும்பத்தை நினை என்று குருக்களே அவருக்கு அறிவுரை சொல்லியிருந்தார்கள். அதே திருஅவை 2007இல் அவரை அருளாளராக உயர்த்தியது.

நாட்டைக் காக்கும் போர்வீரரை இரண்டாம் வத்திக்கான் சங்கம் இகழவில்லை. மக்களின் பாதுகாப்புக்கும் விடுதலைக்கும் பணியாளர் என்று மதிக்கிறது. மனச்சான்றின் பொருட்டு ஆயுதம் ஏந்த மறுத்து, வேறு வழியில் சமூகத்துக்குப் பணிசெய்ய முன்வருவோருக்குச் சட்டம் இடம் தரவேண்டும் என்றும் கேட்கிறது.

விடியற்காலையில் நம் ஊர்ச் சாலைகளில் ஓடிப் பழகும் தம்பிகளைப் பார்க்கிறோம். சிலரை நாட்டுப்பற்று அழைக்கிறது. வானம் பார்த்த பூமியில் மழை பொய்த்ததால் வீட்டு நிலைமை துரத்தும் பிள்ளைகளும் உண்டு. பெற்றோரே, "ஏன் போகிறாய், எதற்காக உயிரைக் கொடுப்பாய்?" என்று பிள்ளையிடம் உட்கார்ந்து பேசுங்கள். கோலார்பட்டிச் சேவகனிடம் ஒருவரும் கேட்காத கேள்வி அது.

எந்த ஏட்டில் நம் பெயர் இருந்தாலும், அதற்கு முன்பே நம்மைத் தம் உள்ளங்கைகளில் பொறித்து வைத்திருக்கிறார் ஆண்டவர். அவருக்கு முன் வெட்கமின்றி நிற்கும் மனச்சான்றை நம் பிள்ளைகளுக்கு அவரே தருவாராக. ஆமென்.