தொழுவமும் ஒரு பள்ளிக்கூடம்

ஏட்டுக் கல்வி தொழுவத்திலேதான் துலங்கும். மாட்டுக் கொள்ளைநோயினால் ஐரோப்பியக் குடியானவர்கள் உழவெருதும் இழந்து வாடிய காலத்திலே, பிரான்சின் லியோன் நகரில் மிருக வைத்தியக் கல்லூரியொன்றை நிறுவக் குளோட் பூர்ஜெலா 1761இல் அரசாணை பெற்றார். அத்துறையில் உலகின் முதற் கல்லூரி அதுவே. படிப்பு முடியுமுன்னரே மாணாக்கர் நோய் கண்ட கிராமங்களுக்கு அனுப்பப்பட்டனர். அங்கே பெற்ற அனுபவமே அவர்தம் முதற் பயிற்சி.

கல்லூரியின் புகழ் கடல் கடந்தது. டென்மார்க் அரசு 1763இல் அனுப்பிய ஆபில்கோர் என்னும் இளைஞர், 1773இல் கொப்பன்ஹேகனிலே ஒரு கல்லூரியை நிறுவினார். லியோனிற் கற்ற சேன்பெல், 1791இல் இலண்டனிலே தோன்றிய கல்லூரியின் முதற் பேராசிரியரானார்.

அக்கொள்ளைநோய் உலகினின்றும் ஒழிந்ததென 2011இல் அறிவிக்கப்பட்டது. அந்நெடும் பணியின் தொடக்கத்திலே, சேற்றில் இறங்கக் கூசாத மாணாக்கர் சிலர் நிற்கின்றனர். எம் இளைஞரும் பட்டத்தோடு நில்லாது பட்டிக்கும் செல்வாராக!