தால்சிம் வராத கேசட்

எம்.கே.பி. நகரில் என் மாமா வீட்டுப் பரணில் ஒரு பழைய டிவி கேம் கிடக்கிறது. கூடவே ஒரு கேசட். மேலே ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 படம் ஒட்டியிருக்கும். அந்தப் படத்தை நம்பி, பள்ளி நாட்களில் சேர்த்த காசு மொத்தத்தையும் கொடுத்தாராம் மாமா. போட்டுப் பார்த்த அன்றே முகம் வாடிவிட்டதாம். ஏன் என்று தேடியதில் கிடைத்தவை இவை.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ஐ ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1991-ல் வெளியிட்டது, காசு போட்டு ஆடும் வீடியோ கேம் கடைகளுக்காக. எட்டு வீரர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். குத்த மூன்று, உதைக்க மூன்று என ஆறு பட்டன்கள். வீரர்களில் ஒருவர் நம் நாட்டு யோகி தால்சிம். கை கால்களை ரப்பர் போல நீட்டி அடிப்பார், வாயால் நெருப்பு ஊதுவார். யோகா இப்படியா என்று சிரிப்பு வரும். ஆனாலும் மாமாவுக்கு அவர்தான் ஹீரோ!

1992-ல் கேப்காம் இதை வீட்டுக்குக் கொண்டு வந்தது, நின்டெண்டோவின் 16 பிட் சூப்பர் ஃபாமிகாமில். அது நன்றாகவே இருந்தது. ஆனால் நம் ஊர்க் கடைகளில் மலிவாகக் கிடைத்தவை, 1983-ல் வந்த 8 பிட் ஃபாமிகாமின் நகல் பெட்டிகள். அந்தப் பெட்டிக்குக் கேப்காம் இந்த விளையாட்டைச் செய்யவே இல்லை! மாமா வாங்கியது யாரோ அனுமதியில்லாமல் செய்தது.

செய்தவர்கள் சோம்பேறிகள் என்றும் சொல்ல முடியாது. அந்தப் பெட்டியில் அடிக்க ஏ, பி என இரண்டே பட்டன்கள். ஆறு அடிகளை அதில் எங்கே அடைப்பது? நகரும் உருவங்களில், திரையின் ஒரு கோட்டுக்கு 8 பிக்சல் அகலத்தில் 8 துண்டுகளைத்தான் அது காட்டும். மொத்தம் 64 பிக்சல். இரண்டு வீரர்கள் நின்றாலே இடம் தீர்ந்துவிடும். நடுவே ஒரு நெருப்புப் பந்து பறந்தால் உடம்பு மினுக்கி மினுக்கி மறையும். எட்டுப் பேரும் வரவில்லை. தால்சிமும் வரவில்லை.

காசுக்கேற்ற தோசை என்று விட்டுவிடலாமா? பி.காம் படிக்கும் எனக்கு மனம் வரவில்லை. 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15-வது பிரிவு, விவரம் சொல்லி விற்றால் பொருள் அந்த விவரத்தோடு பொருந்த வேண்டும் என்கிறது. மலிவாக விற்றது தப்பில்லை. ஒட்டிய படம்தான் பொய்.

இதை மாமாவிடம் சொன்னேன். “பில்லு குடுத்தானாடா அவன்?” என்று சிரித்தார். ஆனால் கேசட்டை மட்டும் இன்னும் தூக்கிப் போடவில்லை.