பரோயே தீவுகளில் உதைபந்தாட்டம்

மன்னர்களின் வரலாறே நாட்டு வரலாறென ஒருகாலத்தில் எழுதப்பட்டது போல, உதைபந்தாட்ட வரலாறும் பெருநாடுகளின் பெருங்கழகங்களது வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மிகச்சிறிய நாடொன்றில் இவ்விளையாட்டை வளர்த்தோர் யாவர் என நோக்குவது, அவ்வரலாறு கூறாத உண்மை சிலவற்றைப் புலப்படுத்தும்.

வட அத்திலாந்திக்கில், டென்மார்க் முடியின்கீழ் உள்ள பரோயே தீவுகள் பதினெட்டு. மக்கள்தொகை ஏறத்தாழ 55,000. 1856 வரை இம்மக்களின் வணிகம் அரச ஏகபோகத்தின் பிடியில் இருந்தது. அது ஒழிந்த பின்னர் மீன்பிடித் தொழில் பெருகி, துறைமுக ஊர்கள் வளர்ந்தன. அவ்வூர்களிலேயே கழகங்களும் பிறந்தன: துவோரோய்ரியில் 1892 இலும், கிளாக்ஸ்விக்கிலும் தலைநகர் தோர்ஸ்ஹவுனிலும் 1904 இலும். அயலூர்க் கழகத்துடன் ஆட வேண்டுமாயின் பெரும்பாலும் கடல் கடந்தே செல்ல வேண்டியிருந்தது.

1940 ஏப்பிரலில் ஜேர்மனி டென்மார்க்கைக் கைப்பற்ற, பிரித்தானியப் படை இத்தீவுகளில் இறங்கியது. டென்மார்க்குடனான தொடர்பு அறுந்திருந்த அக்காலத்திலேதான், 1942 இல், தீவுகள் அனைத்துக்கும் பொதுவான முதலாவது சம்பியன் போட்டி நடைபெற்றது. கிளாக்ஸ்விக் கழகம் வெற்றி பெற்றது. 1944 இல் பந்துகள் கிடையாமையால் போட்டி நடைபெறவில்லை. அடுத்த ஆண்டே மீண்டும் தொடங்கிற்று. உள்நாட்டுச் சுயாட்சி கிடைத்தது 1948 இலேயே. ஆக, சட்டம் இவர்களுக்குச் சுயாட்சியை வழங்குமுன்னரே, மைதானத்தில் இவர்கள் ஒரு நாட்டினராக ஒழுங்கமைந்துவிட்டனர் எனலாம்.

1988 இல் சர்வதேசச் சம்மேளனம் இவர்களை உறுப்பினராக ஏற்றது. 1990 செப்தெம்பரில் ஒஸ்திரியாவை இவர்கள் 1-0 என வென்றபோது, சொந்த மண்ணில் தகுந்த புல்தரை இல்லாமையால் அவ்வாட்டம் சுவீடனில் நடைபெற்றது. வென்றவர்கள் ஊர்க் கழகங்களில் ஆடிய, வேறு தொழில் செய்து பிழைத்த அமெச்சூர் வீரர்கள். உலகம் அதனை அதிசயம் என்றது. அரை நூற்றாண்டாகச் சிற்றூர்கள் கட்டியெழுப்பிய போட்டியின் விளைவே அது.

2023 இல் கிளாக்ஸ்விக் கழகம் ஹங்கேரியின் பெருங்கழகமான பெரென்ஸ்வாரோஸை புடாபெஸ்டிலேயே 3-0 என வென்று, பின்னர் ஐரோப்பியப் போட்டியொன்றின் குழுநிலையை எட்டியது. அந்நிலையை எட்டிய முதலாவது பரோயே கழகம் அதுவே. வெற்றியுடன் பெரும்பணமும் வந்தது. அப்பணம் ஓரிரு கழகங்களிடம் மட்டுமே தேங்குமாயின், எஞ்சிய ஊர்கள் பார்வையாளராக ஒதுங்க நேரிடும். ஊர்கள் அனைத்தும் சேர்ந்து வளர்த்த போட்டியின் பயன் ஊர்கள் அனைத்துக்கும் சேருமா என்பதே இன்று அத்தீவுகளின் முன்னுள்ள வினா.